தாத்தா பிடிலில் ஸ்ட்ராடிவாரியஸ் சீட்டு: எந்த ஊர் வயலின், என்ன நிலைமை?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் அப்பா வாசித்த வயலின் மாமா வீட்டுப் பரணில் கிடந்தது. வீடு இடிக்கப்போவதால் இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என் பெண் எட்டாம் வகுப்பு, பாட்டில் வர்ணம் வரை வந்துவிட்டாள், வயலினும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். இதையே சரிசெய்து கொடுக்க ஆசை.

மேல் பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் துளை (எஃப் துளை) வழியாக டார்ச் அடித்தால் உள்ளே பழுப்பேறிய சீட்டு தெரிகிறது: "அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபட் அன்னோ 1721". அதற்குக் கீழே பொடி எழுத்தில் "மேட் இன் ஜெர்மனி". தாத்தா 1942-ல் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் புதிதாக வாங்கியது என்பது மாமா சொல்லும் கதை.

நிலைமை: மேல் பலகையில் வலது எஃப் துளையின் கீழ்க் கண்ணிலிருந்து அடிவரை ஒரு விரிசல். டெயில் பீஸுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் துண்டு) கீழே கருப்புக் கட்டை ஒன்று பதித்திருக்கிறதே, அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன விரிசல். இடது பக்கம் கீழே மேல் பலகை விட்டுப்போய் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி. கழுத்தின் அடியில் ஒரு ஸ்க்ரூ தலை. கழுத்து முனையில் இருக்கும் சுருளின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெள்ளை மரம் தெரிகிறது. பின்பக்கம் வருஷாவருஷம் சரஸ்வதி பூஜைக்கு வைத்த குங்குமமும் சந்தனமும் அப்படியே இருக்கிறது. வில்லில் பாதி முடி இல்லை.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். "மேல் பலகையையே மாத்திடலாம், சுரண்டிட்டுப் புது பாலிஷ் போட்டா பளபளன்னு ஆயிடும்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன். படங்கள் இணைத்திருக்கிறேன்.

நாதப்பிரியன் (கோவை)

அம்மா, அவசரப்பட்டு யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க!! 1721 ஸ்ட்ராடிவாரியஸ்னா, இத்தாலி கிரெமோனா ஊர்ல வயலின் செஞ்ச மகா மேதை ஸ்ட்ராடிவாரி கையால செஞ்சதுன்னு அர்த்தம். அது என்னன்னு தெரியுமா? "லேடி பிளண்ட்"னு ஒரு வயலின், அதுவும் 1721-ல செஞ்சதுதான். ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்காக 2011-ல ஏலம் விட்டாங்க, 1.59 கோடி டாலருக்குப் போச்சு. டாலருங்க, ரூபாய் இல்லை. முதல்ல பேங்க் லாக்கர்ல வைங்க.

மரத்தூள் (சென்னை)

லாக்கர்ல வெச்சா இருக்கற வஜ்ஜிரமும் (பலகையை ஒட்டற பசை) விட்டுப்போகும். வேண்டாம்.

நாதப்பிரியன் சார், லேடி பிளண்ட் விஷயம் சரி. ஆனா 1721-ல கிரெமோனாவுல உக்காந்து வேலை செஞ்ச மனுஷன் சீட்டுல இங்கிலீஷ்ல "மேட் இன் ஜெர்மனி"ன்னு போட்டுக்க மாட்டார். அவர் செஞ்சதுல இன்னிக்கு மிச்சம் இருக்கறது செல்லோ எல்லாம் சேர்த்து 650 சொச்சம். பெரும்பாலானது எங்க இருக்கு, யார்கிட்ட இருக்குன்னு கணக்கு இருக்கு. அவர் பேர் போட்ட சீட்டு ஒட்டின வயலினோ லட்சக்கணக்குல இருக்கு. அது திருட்டுத்தனம்னும் சொல்ல முடியாது. "ஸ்ட்ராடிவாரி மாடல்"னு வடிவத்தைச் சொல்றதுக்காக ஒட்டினது, அந்தக் காலத்துல வாங்கினவனுக்கும் அது தெரியும். பேரன் காலத்துலதான் குழப்பம்.

சீட்டை மறந்துடுங்க. அது காகிதம், எப்ப வேணா யார் வேணா ஒட்டலாம். மரம் சொல்றதைக் கேப்போம். காவிரிக்கரை அம்மா, கீழ்க்கண்டதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பின் பலகையோட நீளம், மேல கழுத்தோட அடியில ஒட்டியிருக்கற நாக்கை விட்டுட்டு, டேப்பை வளைவு மேலயே படுக்கவெச்சு அளங்க. அப்புறம் சுருளைப் பின்பக்கமா திருப்பி ஒரு படம். சுருளோட முதுகுல ரெண்டு வாய்க்கால் ஓடும் பாருங்க, அது கீழ்ப்பக்கம் வளைஞ்சு தாடைக்கு அடியில கடைசி வரைக்கும் போகுதா, பாதியில நிக்குதா? இதுதான் முக்கியம்.

அடியில டெயில் பீஸ் கம்பி மாட்டற குமிழை மெல்லத் திருகி இழுத்தா வந்துடும் (தந்தியை முழுக்கத் தளர்த்தினப்புறம்). அந்த ஓட்டை வழியா உள்ள பாருங்க. நாலு மூலையிலும் கட்டை இருக்கா, காலியா? மேல் பலகையோட அடிப்பக்கம் நீளமா ஒரு பார் (பேஸ் பார்) ஓடும். அது தனியா ஒட்டினதா, பலகையிலேயே செதுக்கினதா?

ஃபிங்கர் போர்டு மேல ஒரு நீளமான ஸ்கேலை படுக்கவெச்சு, குதிரை (தந்தியைத் தாங்கற துண்டு) நிக்கற இடத்துக்கு நேரா மேல் பலகையிலிருந்து ஸ்கேல் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு மில்லிமீட்டர்ல சொல்லுங்க.

வில்லும்விரலும் (தஞ்சாவூர்)

சுருள் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்ததுமே சொல்லலாம், இது உட்கார்ந்து வாசித்த கை. நம் ஆட்கள் வலது காலை நீட்டி, கணுக்கால் மேல் சுருளை வைத்துத்தானே வாசிக்கிறோம். காலில் படும் பக்கம் வார்னிஷ் போகும், வருஷங்கள் ஆக ஆக விளிம்பும் மழுங்கும். மேற்கத்திய முறையில் வாசித்த வயலினில் தேய்மானம் வேறு இடத்தில் இருக்கும்: மோவாய் படும் இடம், கை படும் மேல் தோள். உங்கள் படத்தில் டெயில் பீஸ் பக்கத்தில் மோவாய்க்கட்டை மாட்டிய தழும்பே இல்லை. தாத்தாவுக்கு முன்னால் யாராவது வெள்ளைக்காரர் வாசித்திருந்தாலும் ரொம்பக் காலம் வாசித்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

ஃபிங்கர் போர்டில் தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கும், பாருங்கள். கமகத்துக்கு விரல் ஏறி இறங்கி அரைத்த பள்ளம். தாத்தா எந்த ஸ்தாயியில் அதிகம் சஞ்சாரம் செய்தார் என்பதே அதில் தெரியும்.

காவிரிக்கரை

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. மாலையில் உட்கார்ந்து பார்த்தோம். பெண் டார்ச் பிடித்தாள்.

நீளம் 356 மில்லிமீட்டர். சுருளின் வாய்க்கால் தாடைக்கு அடியில் போகவில்லை. அதற்கு முன்பே தட்டையாக முடிந்துவிடுகிறது (படம் 6). குமிழ் கழற்றிய ஓட்டை வழியாகப் பல் டாக்டர் கண்ணாடி போல ஒன்று வைத்துப் பார்த்தோம். கீழ்ப்பக்க இரண்டு மூலைகளும் காலி. மேல் இரண்டு மூலைகள் சரியாகத் தெரியவில்லை. அந்த பார் பலகையிலிருந்தே எழும்பியது போலத்தான் இருக்கிறது, ஒட்டிய கோடு தெரியவில்லை. ஒரு வேடிக்கை, எஃப் துளைக்கு நேரே தெரியும் இடம் மட்டும் வழவழப்பாக இருக்கிறது. மீதி இடமெல்லாம் உளி போன தடம் அப்படியே மேடும் பள்ளமுமாக.

ஸ்கேல் உயரம் 22 மில்லிமீட்டர்.

ஃபிங்கர் போர்டில் பள்ளம் இருக்கிறது. முதல் தந்திக்குக் கீழே அதிகம். தேய்ந்த இடத்தில் கருப்பு போய் மரம் வெளிர் நிறமாகத் தெரிகிறது.

மரத்தூள்

போதும், ஊர் தெரிஞ்சுபோச்சு. ஜெர்மனியில சாக்ஸனி, மார்க்நொய்கிர்ஷென் வட்டாரம். இல்லேன்னா அதுக்கு எதிர்ப்பக்கம் எல்லை தாண்டி பொஹீமியாவுல (இன்னிக்கு செக் நாடு) ஷோன்பாக். ரெண்டுக்கும் நடுவுல மலைதான், வேலை முறை ஒண்ணே. இந்த ரெண்டுல எதுன்னு இந்தத் தரத்து வயலின்ல யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஷோன்பாக் வீடுகள்ல செஞ்ச பாகங்கள் வண்டி ஏறி மார்க்நொய்கிர்ஷென் வியாபாரிகிட்ட வந்து, அங்க கோத்து, சீட்டு ஒட்டி, கப்பல் ஏறின கதை ஏராளம்.

எப்படிச் சொல்றேன்னா: இத்தாலிக்காரன் உள்ள ஒரு அச்சு வெச்சு, அதுல ஆறு கட்டையை நிறுத்தி, பக்கப் பட்டையை வளைச்சு ஒட்டுவான். மூலைக் கட்டை அதுல தானா வந்துடும். சாக்ஸனிக்காரன் அச்சே இல்லாம பின் பலகை மேலயே நேரா பக்கப் பட்டையை நட்டுடுவான். மூலையில கட்டை தேவையில்லை. அதனால காலி. சில வயலின்ல எஃப் துளை வழியா எட்டிப் பாக்கறவனை ஏமாத்த ஒரு சில்லுக் கட்டையைச் சொருகி வெச்சிருப்பான், அது வேற. பேஸ் பாரைத் தனியா செஞ்சு ஒட்ட நேரம் ஆகும், பலகையைக் குடையும்போதே அந்த இடத்தை மட்டும் விட்டுட்டா வேலை மிச்சம். கண்ணுக்குத் தெரியற இடத்தை மட்டும் வழவழப்பாக்கினதும் அதே கணக்கு. டஜன் கணக்குல விலை பேசின சரக்கு, அவன் வேலை அவ்வளவுதான்.

சுருள் வாய்க்கால் பாதியில நிக்கறது இவங்க கையெழுத்து மாதிரி. கிரெமோனாவுல கடைசி வரைக்கும் செதுக்குவாங்க.

ஃபிங்கர் போர்டு கருங்காலி இல்லை. வெளிர் மரத்துக்குச் சாயம் ஏத்தினது. விலை குறைஞ்ச மாடல்னு அதுவும் சொல்லுது.

ஆனா மட்டமா நினைக்காதீங்க. அந்த ஊர்ல 1677-லயே வயலின் செய்யறவங்க சங்கம் கட்டினாங்க. பொஹீமியாவுல கிராஸ்லிட்ஸ்ங்கற ஊர்லருந்து, புராட்டஸ்டண்ட் மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த 12 பேர். அப்புறம் 200 வருஷத்துல, ஒரு வீட்டுல கழுத்து மட்டும், ஒரு வீட்டுல பக்கப் பட்டை மட்டும், ஒரு வீட்டுல பிருடை (தந்தியை முறுக்கற திருகு) மட்டும்னு ஊரே பட்டறை ஆயிடுச்சு. மரம் நல்ல மரம். மேல ஸ்ப்ரூஸ், பின்னாடி மேப்பிள், ரெண்டும் மலை மரம். குடைஞ்ச கைதான் அவசரக் கை.

வடமராட்சியான் (ரொறன்ரோ)

மரத்தூள் ஐயா சொன்னது முழுக்கச் சரி. இஞ்ச பழைய சாமான் சந்தைக்குப் போனா இதே சீட்டோட வயலின் கண்டபாட்டுக்குக் கிடக்கும். தபால் கடைக் கட்டலொக்கில சில டொலருக்கு வித்தவை, பெட்டியும் வில்லும் சேர்த்து. மார்க்நொய்கிர்ஷென் ஒரு சின்ன ஊர். அந்தச் சின்ன ஊரில அமெரிக்கா 1893இல இருந்து 1916 வரை தூதரக அலுவலகம் வச்சிருந்தது, இந்த இசைக்கருவி ஏற்றுமதிக்காக மட்டும்! யோசிச்சுப் பாருங்கோ.

காலத்துக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில 1890இல வந்த மக்கின்லி வரிச்சட்டம், இறக்குமதிச் சாமானில எந்த நாட்டுச் சரக்கு எண்டு எழுதவேணும் எண்டது. பிரிட்டனில அதுக்கு முதலே, 1887இல, வணிகக்குறிச் சட்டம் வந்திட்டுது. இந்தியாவுக்கு 1889இல அதே மாதிரி ஒண்டு. ஆகவே "மேட் இன் ஜெர்மனி" எண்டு இங்கிலீசில இருந்தா, பெரும்பாலும் அதுக்குப் பிறகு இங்கிலீஷ் பேசுற சந்தைக்கு வந்தது. "செக்கோஸ்லோவாக்கியா" எண்டு இருந்தா 1918க்குப் பிறகு. "வெஸ்ட் ஜெர்மனி" எண்டா 1949க்குப் பிறகு. நாட்டுப் பெயரே இல்லாட்டி கனக்கப் பழசு எண்டு சிலர் கதைப்பினம், அது பிழை. சீட்டு விழுந்திருக்கலாம், அல்லது நாட்டின்ர பெயரைப் பெட்டியில மட்டும் போட்டு அனுப்பியிருக்கலாம்.

அக்கா, அந்த 1942 கதையை ஒருக்கா விசாரியுங்கோ. 1939 செப்ரெம்பரில சண்டை துவங்கின பிறகு ஜெர்மன் சாமான் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள எப்பிடி வரும்?

காவிரிக்கரை

அட, அதை யோசிக்கவே இல்லை. மாமாவிடம் கேட்டேன். வருஷம் 1942 என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அவருடைய அக்கா (என் பெரியம்மா) பிறந்த வருஷமாம். "புதுசு" என்பதுதான் தாத்தா சொன்னதா, இவராகச் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை என்கிறார்.

மரத்தூள்

அப்ப கடையில தங்கின பழைய சரக்கா இருக்கும், இல்லே கைமாறினது. குண்டு விழும்னு பயந்து மெட்ராஸையே காலி பண்ணிட்டு ஓடின வருஷம் அது. வித்துட்டுப் போனவங்க நிறைய. என் மதிப்பு: 1890-லருந்து 1930-களுக்குள்ள. நடுவுல முதல் உலகப் போர்ல சில வருஷம் ஜெர்மன் சரக்கு வரத்தே கிடையாது, அதைக் கழிச்சுக்கோங்க. இதைவிடக் குறுக்கிச் சொல்றவன் கதை விடறான்.

ராகமாலிகை (பெங்களூரு)

ஒரு மாற்றுக் கருத்து. வார்னிஷின் செம்பழுப்பு நிறம், பலகையின் வளைவு தட்டையாக இருப்பது இரண்டையும் பார்த்தால் பிரெஞ்சு வயலின் போல இருக்கிறதே? மிரக்கோர் ஊரிலும் ஸ்ட்ராடிவாரி பெயரில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அங்கே பிறந்த வியோம் பாரிஸில் ஸ்ட்ராடிவாரி நகல்களுக்கே பேர் போனவர். ஜெர்மன் என்றாலே வளைவு உப்பலாக இருக்கும் என்று படித்திருக்கிறேன்.

மரத்தூள்

உப்பலா இருக்கறது ஸ்டைனர் மாடல். ஆஸ்திரியாவுல ஆப்ஸாம் ஊர்ல வயலின் செஞ்ச ஜேக்கப் ஸ்டைனர் 1683-ல செத்துப்போனார், அவர் பாணி நூறு வருஷத்துக்கு மேல ஜெர்மன்காரங்களை ஆட்டிப்படைச்சது. ஆனா சாக்ஸனியில ஸ்டைனர், அமாட்டி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி எல்லா மாடலும் செஞ்சாங்க, ஆர்டருக்கு ஏத்தபடி. வளைவை வெச்சு நாட்டைச் சொல்ல முடியாது. நிறம் அதைவிட மோசமான சாட்சி. ஆலையில பழசு மாதிரி காட்டறதுக்காகவே நடுவுல துடைச்சு ஓரத்துல இருட்டா விட்டிருப்பான்.

மிரக்கோர் வயலின்ல பெரும்பாலும் மூலைக் கட்டை இருக்கும், பார் ஒட்டினதா இருக்கும், சுருள் வாய்க்கால் முழுசா போகும். இங்க மூணும் இல்லை. ஒரு அடையாளம் பொய் சொல்லலாம், மூணும் ஒரே பக்கம் கை காட்டினா கேட்டுக்கணும்.

ராகமாலிகை

ஏற்கிறேன். ஆனாலும் மரத்தின் வயதை வளையங்களை வைத்து அறிவியல்பூர்வமாகச் சொல்லிவிடுகிறார்களே, அதைச் செய்தால் தீர்ந்துவிடுமே?

மரத்தூள்

அந்த முறை பெரிய விலை வயலினுக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியத்துல "மெசையா"ன்னு ஒண்ணு இருக்கு, சீட்டுல 1716. அது ஸ்ட்ராடிவாரியே இல்லை, 19-ஆம் நூற்றாண்டு நகல்னு ஒரு பெரிய சண்டை வந்தது. மேல் பலகை வளையத்தை எண்ணிப் பாத்தா கடைசி வளையம் 1680-களோடது. மரம் அந்தக் காலத்துக்குப் பொருந்துதுன்னு ஆச்சு. அப்பவும் அது "இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது"ன்னு மட்டும்தான் சொல்லும், செஞ்ச கை யாருதுன்னு சொல்லாது. டஜன் சரக்குக்கு அந்தச் செலவு பண்ணினா வயலினோட விலையையே தாண்டிடும்.

பழம்பெட்டி

[பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்

இழையில் விலை பேசுவதும் தொலைபேசி எண் கேட்பதும் கூடாது. காவிரிக்கரை அவர்களே, தனிமடலில் "ரிப்பேருக்கு லாயக்கில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது எழுதினால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

வில்லும்விரலும்

ஊர் தெரிந்துவிட்டது, சந்தோஷம். எனக்கு அதைவிட அந்த 22 மில்லிமீட்டர்தான் கவலையாக இருக்கிறது. சாதாரணமாக 27 வாக்கில் இருக்க வேண்டும். இவ்வளவு இறங்கியிருந்தால் குதிரையைக் குட்டையாக வெட்டித்தான் நிறுத்த முடியும், நாதம் மூக்கடைத்தது போல் வரும். குழந்தை எவ்வளவு நன்றாக வில் போட்டாலும் சத்தம் எழாது, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டுப் பழைய வயலினைக் கொண்டுவந்து இப்படித்தான் சிரமப்படுகிறார்கள்.

356 என்பது முழு அளவு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். இடது கையை நீட்டி, சுருள் உள்ளங்கையில் அடங்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கிறதா என்று பாருங்கள். விறைத்து நீண்டால் இன்னும் ஒரு வருஷம் முக்கால் அளவில் ஓட்டலாம்.

மரத்தூள்

டீச்சர் சொன்னது சரி, கழுத்துதான் தலைவலி. ஒவ்வொண்ணா சொல்றேன்.

பலகை விட்டிருக்கறது: கெட்டது இல்லை, நல்லது. மேல் பலகையை வஜ்ஜிரத்துல கொஞ்சம் நீர்க்கவே ஒட்டுவாங்க, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும்போது பலகை வெடிக்கறதுக்குப் பதிலா ஒட்டு விடணும்னுதான். திரும்ப வஜ்ஜிரம் வெச்சு கிளாம்ப் போட்டா முடிஞ்சது. ஃபெவிகால், அரால்டைட் எதுவும் கிட்ட வரக்கூடாது. அதைப் போட்டா அடுத்த தடவை திறக்கும்போது மரம் பேர்ந்துக்கிட்டு வரும்.

அடியில கருப்புக் கட்டை பக்கத்து விரிசல்: கட்டையை இறுக்கமா பதிச்சிருப்பான், பலகை குறுக்குவாட்டுல சுருங்கும், கட்டை விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். ஒட்டிட்டு, கட்டையோட ரெண்டு முனையிலயும் துளி இடைவெளி விடச் சொல்லுங்க.

எஃப் துளை விரிசல்: கீழ்க் கண்ணுலருந்து நார் ஓடற வழியாவே போறதால சவுண்ட் போஸ்ட் (உள்ள மேல் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவுல நிக்கற குச்சி) நிக்கற இடத்தைத் தொடாது, அது இன்னும் உள்பக்கம். பொழைச்சீங்க. போஸ்ட் நேரா விரிஞ்சிருந்தா, அதுவும் பின் பலகையில விரிஞ்சிருந்தா, பெரிய வேலை. உள்ள மரம் எடுத்து ஒட்டுப் பலகை பதிக்கணும். இங்க சுத்தம் பண்ணி ஒட்டி, உள்பக்கம் சின்னச் சில்லு வெச்சா போதும். ஆனா அதுக்கு மேல் பலகையைத் திறக்கணும்.

ஒரு எச்சரிக்கை. நம்ம வித்வான்கள் விரல் வழுக்கறதுக்கு எண்ணெய் தொட்டுப்பாங்க. அது விரிசல்ல இறங்கியிருந்தா வஜ்ஜிரம் பிடிக்காது. ஒட்டறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்க்ரூ: எப்பவோ கீழ விழுந்து கழுத்து பேர்ந்திருக்கு, யாரோ கதவுக்குப் போடற மாதிரி முடுக்கிட்டாங்க. ஸ்க்ரூவை எடுத்து, ஓட்டையை மரத்தால அடைச்சு, கழுத்தை ஏத்தி உக்கார வைக்கணும். பின் பலகையோட மேல் நாக்குல கீறல் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. இழுவை முழுக்க அதுமேலதான்.

குங்குமத்தை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால தட்டி எடுங்க. ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் எதுவும் படக்கூடாது, இந்த வார்னிஷ் சாராயத்துல கரையும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மிச்சக் கறை இருக்கட்டுமே, என்ன போச்சு.

மேல் பலகையை மாத்தறேன்னு சொன்ன கடைப்பக்கம் திரும்பிப் பாக்காதீங்க. அப்புறம் அது தாத்தா வயலின் இல்லை, தாத்தா பெட்டியில இருக்கற வேற வயலின்.

ராகமாலிகை

மேல் பலகையைத் திறப்பதுதான் திறக்கிறார்கள், அப்படியே உட்பக்கத்தைச் சரியான கனத்துக்கு இழைத்து, செதுக்கிய பாரை எடுத்துவிட்டுப் புது பேஸ் பார் போட்டால் நாதம் நன்றாக வருமே?

வில்லும்விரலும்

வேண்டாம் என்பேன். கற்கும் குழந்தைக்கு இது போதும். நம் வாசிப்புக்கு மேற்கத்திய சுதியளவு இழுவையும் இல்லை, சுதி இறக்கித்தான் கூட்டுகிறோம். ஏறுகிற செலவுக்கு நல்ல குதிரை, பிருடை, ஒரு செட் தந்தி வாங்கலாம்.

மரத்தூள்

டீச்சர், இதுல மட்டும் உங்களோட முழுசா ஒத்துப்போக முடியலை. இந்தச் சரக்குல மேல் பலகை நடுவுல தேவைக்கு மேல ரொம்ப கனமா இருக்கும், நான் திறந்ததுல பலதும் அப்படித்தான். பாரை மாத்தி, கனத்தைக் குறைச்சா ஊமையா இருந்தது பேச ஆரம்பிக்கும். நல்ல பட்டறை வேலையிலயோ பெரிய கைவேலையிலயோ கை வெச்சா பாவம். டஜன் சரக்குல அது பாவமில்லை. ஆனா செய்யறவன் கனம் அளக்கற கருவி வெச்சிருக்கணும். கண்ணளவுல இழைக்கறவனா இருந்தா டீச்சர் சொல்றதே சரி, தொட வேண்டாம்.

பனைமரத்தடி (தூத்துக்குடி)

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வீட்டு வயலினில் பின்பக்கம் கழுத்துக்குக் கீழே "ஸ்டைனர்" என்று சூட்டு முத்திரை இருக்கிறது, சீட்டே இல்லை. அதுவும் இதே கதைதானா?

மரத்தூள்

இதே கதை, இதே ஊர். வெறும் மாடல் பேர். சுருளைத் திருப்பிப் பாருங்க.

வடமராட்சியான்

அக்கா, விலை பற்றி ஒருத்தரும் வெளிப்படையாச் சொல்லேல்லை, நான் சொல்லுறன். இஞ்ச இந்தத் தரத்து வயலினுக்குத் திருத்துற காசு, விக்கிற காசைவிடக் கூட வரும். விக்கிறதுக்காகத் திருத்த வேண்டாம். பிள்ளை வாசிக்கிறதெண்டாத் திருத்துங்கோ.

காவிரிக்கரை

விற்கிற எண்ணமே இல்லை. கொஞ்ச நாளாக இங்கே எழுத முடியவில்லை. சென்னையில் வயலின் பழுது மட்டும் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம் (பெயர் வேண்டாம், விளம்பரம் போல் ஆகும்). நீங்கள் எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். படித்துவிட்டுச் சிரித்தார், "நான் சொல்ல என்ன பாக்கி இருக்கு" என்று.

திறந்து பார்த்ததில் மேல் மூலைகளும் காலி. மேல் பலகையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு எண் மட்டும் எழுதியிருந்தது, பெயர் எதுவும் இல்லை. நாக்கில் கீறல் இல்லை. போஸ்ட் இடம் சுத்தம். விரிசலில் எண்ணெய் இறங்கியிருந்ததாம், அதைச் சுத்தம் செய்யவே நேரம் பிடித்தது என்றார். கனம் அளந்து காட்டினார், நடுவில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட. மூன்று போதும் என்றார். நானும் அவரும் பேசி, பாரை மாற்றவும் நடுவில் மட்டும் கொஞ்சம் இழைக்கவும் சம்மதித்துவிட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கழுத்து ஏற்றியாகிவிட்டது, இப்போது 27. ஸ்க்ரூ என் கையில் இருக்கிறது, துருப்பிடித்த இரண்டு அங்குல ஸ்க்ரூ.

வில்லும்விரலும்

கோபமெல்லாம் இல்லை அம்மா. அளந்து செய்தவர் என்றால் சரிதான். வந்ததும் ஒரேயடியாகச் சுதி ஏற்ற வேண்டாம். முதல் சில நாள் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுதியிலேயே வைத்து, குதிரை முன்பக்கம் சாய்கிறதா என்று தினமும் பாருங்கள். பிருடை திருகத் திருகக் குதிரையின் தலை ஃபிங்கர் போர்டு பக்கம் இழுபடும். விரலால் மெல்ல நிமிர்த்தலாம். விழுந்தால் சவுண்ட் போஸ்டும் கூடவே விழும். சரளி வரிசையை மந்த்ர ஸ்தாயியில் நீளமான வில்லாகப் போடச் சொல்லுங்கள், புதிதாகத் திறந்த வயலினுக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

காவிரிக்கரை

அப்படியே செய்கிறோம் டீச்சர். வில் ஒன்றுதான் பாக்கி. அதிலும் குச்சியில் "டூர்ட்" என்று முத்திரை இருக்கிறது, அதற்கு நான் ஆசைப்படவில்லை! முனையில் வெள்ளையாக இருப்பது தந்தமா என்பதுதான் கவலை.

மரத்தூள்

தேறிட்டீங்க. அதுவும் சீட்டு ஒட்டின கதைதான், வில் செய்யறதுல பேர்போன பிரெஞ்சுக்காரர் ஃபிரான்ஸ்வா டூர்ட் தன் வில்லுல பேர் அடிக்கற வழக்கமே இல்லை. முனை இந்த விலைக்கு எலும்பா இருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸ்ல பாத்தா எலும்புல கறுப்பா பொடிப் புள்ளிகள், கோடுகள் தெரியும், தந்தத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டற வளைகோடு தெரியும். தந்தம்னா விக்கவோ வெளிநாடு எடுத்துட்டுப் போகவோ சட்டம் விடாது. வீட்டுல வாசிக்க முடியைக் கட்டிக் கொடுத்துடுவாங்க. குச்சி நேரா இருக்கான்னு மட்டும் கண்ணால ஒரு நேர் பாருங்க.

அந்த முடி அறுந்துபோச்சா, கடிச்சுத் துண்டாகியிருக்கா? கடிச்சதுன்னா பெட்டிக்குள்ள வண்டோட புழு இருக்கு. குதிரை முடின்னா அதுக்கு விருந்து. இருட்டுல மூடியே வெச்ச பெட்டியில நிச்சயம் வரும். புது முடி கட்டிக்கிட்டு வந்து அதே பெட்டியில வெச்சா மறுபடியும் தின்னுடும்.

காவிரிக்கரை

கடித்த மாதிரிதான். பெட்டியின் வெல்வெட் மடிப்பில் உதிர்ந்த தோல் மாதிரி ஏதோ இருந்தது. வாக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

மரத்தூள்

பெட்டியை மட்டும். வயலின் வீட்டுக்கு வந்தப்புறம் அதை எக்காரணம் கொண்டும் வெயில்ல வைக்காதீங்க, காருக்குள்ளயும் விட்டுட்டுப் போகாதீங்க. வஜ்ஜிரம் சூட்டுல இளகும்.